ஹில்க்கா வீட்டுப் புகைபோக்கி

கலெர்வோ மறுபடியும் கையுறை மாட்டுவதைப் பார்த்ததும் இர்யா உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தினாள்.

"எங்க கிளம்பியாச்சு?"

"ஹில்க்கா வீட்டுக்கு. கூரைப் பனி மொத்தமா சரிஞ்சிருக்கு. புகைபோக்கி சாஞ்சிருச்சு."

"சாஞ்சது புகைபோக்கி மட்டும்தானா?"

கலெர்வோ இன்னொரு கையுறையையும் மாட்டினார். முப்பத்தொரு வருடத் தாம்பத்தியத்தில் அவர் முழுதாகச் சொல்லி முடித்த பதில்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர் வாயைத் திறப்பதற்குள் இர்யா அடுத்த கேள்விக்குப் போயிருப்பாள்.

ஹில்க்கா ஏரிக்கு அந்தக் கரையில் தனியாக இருக்கும் விதவை. ஐந்து வருடத்துக்கு முன்பு தேவாலய விருந்தில் இர்யா சுட்ட ஏலக்காய் ரொட்டியைக் கடித்துவிட்டு, "கொஞ்சம் வறண்டு போச்சு, காபியில முக்கினா இறங்கிரும்" என்றாள். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. கடைக்காரர் வெய்க்கோ, "ஹில்க்கா இப்ப..." என்று ஆரம்பித்தாலே போதும், "அவ பேச்சை என் காதுல போடாதீங்க" என்று இர்யா மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் வந்துவிடுவாள்.

அந்த வீட்டு விறகடுப்பின் குழாய், அறிவுள்ள எவனும் வைக்காத இடத்தில், கூரையின் கீழ் விளிம்பருகே நின்றது. தகரத்தில் பனி வழுக்கி வரும்போதெல்லாம் நேராக அதன் இடுப்பில் மோதும். இந்தக் குளிர்காலத்தில் இது நான்காவது முறை. நான்கு முறையும் கலெர்வோதான் போய் நிமிர்த்தினார். ஊரில் வேறு ஆம்பளையே இல்லாத மாதிரி!

"இங்க பாருங்க, சும்மா சும்மா நிமிர்த்திக்கிட்டு இருக்க வேணாம். குழாய்க்கு மேல்பக்கம் தகரத்தை மூக்கு மாதிரி மடிச்சு அடிங்க. பனி ரெண்டாப் பிரிஞ்சு போயிரும். அதோட அந்த வீட்டு வாசலை மறந்துருங்க."

"நல்ல யோசனை" என்றார் கலெர்வோ. அவர் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதே இர்யாவுக்குப் பிடிக்கவில்லை.

மூக்கு அடிக்க ஐந்து நாள் ஆயிற்று. சாயங்காலம் திரும்பும்போது அவர் மேல் காபி மணம் வீசியது. அதைவிட மோசம், வாய்க்குள்ளேயே ஏதோ பாட்டு. வீட்டில் அவர் பாடி இருபது வருடம் இருக்கும்.

மூக்கு நன்றாகத்தான் வேலை செய்தது. பனி இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி நேராக வாசற்படியில் விழுந்து கதவை அடைத்தது. கலெர்வோ மண்வெட்டியை எடுத்தார்.

"ஏன், மகாராணிக்குக் கையில்லையா?"

"அவங்க அங்க..."

"அவங்களா? மரியாதை வேறயா! பனி சரியவே கூடாது. கூரை நெடுகக் கம்பித் தடுப்பு போட்டு விடுங்க. எல்லாம் மேலேயே கிடக்கட்டும்."

கம்பித் தடுப்புக்கு ஒன்பது நாள். அதன்பின் பனி சரியவில்லை. மேலேயே கிடந்து, கிடந்து, இடுப்பளவு ஏறியது.

"பாரம் தாங்காம உத்தரம் முறியும். தினமும் கொஞ்சம் தள்ளி விடணும்" என்று கலெர்வோ வருத்தத்துடன் சொன்னார். வருத்தம் குரலில் மட்டும்தான் இருந்தது.

அன்று ராத்திரி இர்யா கண்ணாடி முன் நின்று தன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அந்த வறட்டு ஹில்க்காவிடம் இருக்கிற எது தன்னிடம் இல்லை? முப்பத்தொரு வருடம் சோறாக்கிப் போட்டதற்கு இதுதானா? அழுகை வந்தது. கோபம் அதை முந்திக்கொண்டது.

மார்ச் மாதத்தில் ஒரு மதியம் ஒரு காலால் உந்தித் தள்ளும் பனிச்சறுக்கு உதைவண்டியில் உறைந்த ஏரியைத் தாண்டினாள். கையும் களவுமாகப் பிடிப்பதென்று முடிவு.

புகைபோக்கி ஜம்மென்று புகைந்துகொண்டிருந்தது. முன்கதவில் விளக்குமாறு சாத்தியிருந்தது. அந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம், வீட்டில் ஆள் இல்லை. 'அடுப்பு எரியுது, ஆள் இல்லையாம்! யாரை ஏமாத்த இந்த விளக்குமாறு?' என்று பல்லைக் கடித்தாள். பின்வாசலுக்குப் போன காலடித் தடமெல்லாம் கலெர்வோவின் பூட்ஸ் தடம். ஹில்க்கா வாசலுக்குக்கூட இறங்குவதில்லை போலும். எல்லாம் இவரே தாங்குகிறார்.

ஜன்னல்களில் திரை. பேச்சைக் கேட்க ஒரே வழிதான் இருந்தது. சுவரோடு பொருத்திய இரும்பு ஏணியில் ஏறி, பனியில் தவழ்ந்து, புகைபோக்கியை எட்டிப் பிடித்து, சுடாத தூரத்தில் காதை வைத்தாள்.

பேச்சுச் சத்தமே இல்லை. விறகு வெடிக்கும் சத்தம், ஒரு கோப்பையைத் தட்டில் வைக்கும் சத்தம், பிறகு திருப்தியான ஒரு பெருமூச்சு. கால் மணி நேரம் ஒரு வார்த்தை இல்லை. பேசவே தேவைப்படாத அளவுக்கு உறவு முற்றிவிட்டதா!

"அடிப்பாவி!" என்று இர்யா கத்தினாள்.

கத்தியது மட்டும் என்றால் கம்பித் தடுப்பு தாங்கியிருக்கும். காலையும் உதைத்தாள். தடுப்புக்குப் பின்னால் சேர்ந்திருந்த பனி மொத்தமாகக் கிளம்பியது. கம்பி போயிற்று, மூக்கு போயிற்று. கட்டிப் பிடித்த புகைபோக்கியோடு இர்யா முற்றத்தில் வந்து குவியலில் உட்கார்ந்தாள். கனத்த கையுறையும் மேலங்கியும் இருந்ததால் சூடு படவில்லை.

கலெர்வோ இருமிக்கொண்டே பின்வாசலிலிருந்து ஓடி வந்தார். காலில் கம்பளிக் காலுறை, கையில் காபிக் கோப்பை.

"இர்யா! அடிபட்டுதா?"

"அடியெல்லாம் இருக்கட்டும். எங்க அவ? வெளிய வரச் சொல்லுங்க! குளிர்காலம் முழுக்க ஒருநாள் தவறாம இங்கதானே கிடந்தீங்க? இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்!"

கலெர்வோ வாயைத் திறந்தார். அதற்குள் ஒரு டாக்சி முற்றத்துக்குள் திரும்பியது. பெரிய பெட்டியோடு இறங்கிய ஹில்க்கா, இர்யாவின் மடியில் கிடந்த புகைபோக்கியைப் பார்த்தாள். கலெர்வோவின் காலுறையைப் பார்த்தாள். காலியாகிக் கிடந்த விறகுக் கொட்டகையையும் பார்த்தாள்.

"நவம்பர்ல நான் மக வீட்டுக்கு ரயிலேறுறப்ப, தண்ணிக் குழாய் உறையாம வாரத்துக்கு ஒருதரம் அடுப்பு மூட்டினாப் போதும்னுதானே சொன்னேன் கலெர்வோ, தினமுமா வந்து தனியா உக்காந்திருந்தீங்க?"