முதல் தண்ணியில் போன குருஜி

இந்த வீட்டில் இனி ஒன்று நான் இருக்க வேண்டும், இல்லை அவர் இருக்க வேண்டும். காலையில் பல் விளக்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

அவர் என்றால் குருஜி. எங்கோ மலையடிவாரத்தில் இருக்கிறார். என் மனைவி தேஜஸ்ரீயின் செல்போனிலும் இருக்கிறார். பாப்பாவுக்கு டிபன் பாக்ஸ் கட்டி வைத்ததும் இயர்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்காருவாள். அப்போது முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள்! எங்கள் கல்யாண ஆல்பத்தை முழுக்கப் புரட்டிவிட்டேன். அந்தச் சிரிப்பு ஒரு பக்கத்திலும் இல்லை.

சீரியலை நிறுத்தச் சொல்லி நான் எத்தனையோ தடவை கெஞ்சினேன். நடக்கவில்லை. குருஜி ஒரே ஒரு தடவை சொன்னார். டிவிக்கு உறை தைத்துப் போட்டுவிட்டாள்.

“ஏம்புள்ள, அந்தாளு அப்படி என்னதான் சொல்றாரு?”

“வர்றதை அப்படியே ஏத்துக்கோன்னு சொல்றாருங்க மாமா.”

“இதுக்கு ஒரு குருவா?”

“உங்களை ஏத்துக்க வேண்டாமுங்களா? தனியாளா என்னால முடியலீங்க.”

“அவரு போட்டோவுக்குத் தெனமும் பூ வெக்கறியே, எனக்கு ஒருநாளாச்சும் வெச்சியா?”

“நீங்க ஒரு இடத்துல அசையாம உக்காருங்க, வெக்கறேன்.”

“அந்தப் போட்டோ மேல அப்படி என்ன பக்தி?”

“பக்தி போட்டோவுல இல்லீங்க மாமா. அது ஒரு நெனப்புக்கு. அவரு சொன்னதை ஊட்டுக்குள்ள செஞ்சு காட்டறோமே, அதுதானுங்க பக்தி.”

“அப்ப போட்டோ இல்லாட்டியும் நீங்கெல்லாம் தியானத்துக்கு உக்காருவீங்களா?”

“உக்காராம?”

அந்த வார்த்தையை மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

அருள்புரத்தில் எனக்கு டீ-ஷர்ட்டில் படம் அச்சடிக்கும் யூனிட் இருக்கிறது. தேஜஸ்ரீ போகும் தியான வகுப்பின் ஆண்டு விழா வந்தது. எல்லோருக்கும் வெள்ளை டீ-ஷர்ட், நெஞ்சில் குருஜி முகம். “நம்ம யூனிட்லயே அடிச்சுக் குடுங்க மாமா” என்றாள்.

விடுவேனா? அச்சடித்த துணிக்குச் சூடு காட்டினால்தான் சாயம் பிடிக்கும். காட்டாவிட்டால் முதல் தண்ணியிலேயே ஆள் காலி. நான் காட்டவில்லை. என் வயிற்றில் எரிந்த சூட்டுக்கு நூறு கட்டுத் துணியை வாட்டியிருக்கலாம். ஆனாலும் காட்டவில்லை.

வகுப்பு நடத்தும் விஜயராணி அக்கா சுத்தக்காரி. புதுத்துணி வாடையோடு தியானத்துக்கு வரக்கூடாது, அலசிக் காயப்போட்டுத்தான் உடுத்த வேண்டும் என்று சட்டம். அதையும் தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் விஜயராணி அக்காவின் போன் வந்தது. தேஜஸ்ரீ ஸ்பீக்கரில் போட்டாள்.

“தேஜு! குருஜி போயிட்டாருடி!”

“ஐயோ! எப்பங்க்கா?”

“இப்பத்தான். என்ற ஊட்டு வாளியில!”

“என்னங்க்கா சொல்றீங்க?”

“டீ-ஷர்ட்டை முக்கி எடுத்தேன், மூஞ்சியக் காணோம்! எல்லாரு ஊட்டுலயும் இதே கதைதான். இப்ப என்னடி பண்றது?”

நான் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். பேப்பர் குலுங்கியது.

தேஜஸ்ரீ பதறவே இல்லை. “படம் கரைஞ்சா என்னங்க்கா? மூஞ்சி இல்லாட்டியும் இவங்க உக்காருவாங்களான்னு பாக்கறாருன்னு நெனச்சுக்குவோம். வெள்ளையாவே போட்டுட்டு வாங்க.”

போனில் ஒரு விசும்பல். “சொல்லாமயே பாடம் நடத்திட்டாரு பாருடி!”

கஷ்டப்பட்டது நான். பெயர் அவருக்கு!

விழா நாள் காலை தேஜஸ்ரீ என் கையில் ஒரு டீ-ஷர்ட்டைக் கொடுத்தாள். “துணி குடுத்த புண்ணியவான் வராம இருக்கலாமுங்களா?”

விரித்தேன். குருஜி! தாடியில் ஒரு முடிகூடக் கரையவில்லை.

“இதை நீ அலசலையா?”

“அலசினேனுங்க. அதுக்கு முன்னால நல்லா அயர்ன் போட்டுட்டேன்.”

நான் அயர்ன் பாக்ஸைத் திரும்பிப் பார்த்தேன்.

“கல்யாணத்துக்கு முந்தி பனியன் கம்பெனில செக்கிங்ல இருந்தவளுங்க நானு. துணிக்கட்டைப் பிரிச்சுத் தொட்டதுமே சாயம் வெரல்ல ஒட்டுச்சு. நீங்க சூடு காட்டலைன்னு அப்பவே தெரியுமுங்க.”

“அப்ப எல்லாத்துக்கும் அயர்ன் போட வேண்டியதுதானே?”

“போட்டோ இல்லாட்டியும் உக்காருவீங்களான்னு நீங்கதானுங்க கேட்டீங்க? அவங்களுக்கு உள்ளயே இருக்காரு. உங்களுக்கு வெளியவாச்சும் இருக்கட்டும்னுதான்.”

மண்டபம் முழுக்க வெறும் வெள்ளை. குருஜி இருந்தது என் ஒருவன் நெஞ்சில் மட்டும். விஜயராணி அக்கா என்னைக் கையோடு கூட்டிப்போய் முன்னால், எல்லோரையும் பார்த்தபடி உட்கார வைத்துவிட்டார். வந்தவர்கள் எல்லாம் கும்பிட்டார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. பொய் சொல்வானேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

தேஜஸ்ரீ வந்து எனக்கு நேர் எதிரே நின்றாள். கையில் ஒரு செவ்வந்திப்பூ. முகத்தில் அந்தச் சிரிப்பு! ஆல்பத்தில் அகப்படாத அதே சிரிப்பு, கண்ணைத் திறந்தபடி, எனக்கு நேராக. பூவை வாங்கிக்கொள்ளத் தலையைக் குனிந்தேன்.

“அசையாம உக்காருங்க மாமா, குருஜி மூஞ்சி கசங்குது.”