பாம்பு கடிக்காமலே டோலியில் போன கதை

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர்களை ஊர்ப் பாதுகாப்பு மதிப்பீட்டுக்கு அனுப்பவே கூடாது. என்னை அனுப்பினார்கள்.

வேலூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். ஜவ்வாது மலையில் சாலை எட்டாத ஓர் ஊரில், ஆபத்து வந்தால் மக்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்து எழுத வேண்டும். அறிக்கை நன்றாக வந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

நாலு பேரிடம் கேட்டு எழுதியிருந்தால் போதும். (அப்படிச் செய்தால் நான் நானா?) ஒத்திகையே நடத்திவிடலாம் என்று கிளம்பினேன். பாம்பு கடித்தவரை டோலியில் தார் ரோடு வரை கொண்டுவர எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது. கடிபட்டவர் நானேதான். மேலாளர் ரோட்டில் ஜீப்போடு காத்திருப்பார்.

தத்ரூபமாக இருக்கட்டும் என்று காலில் சிவப்புப் பேனாவால் இரண்டு புள்ளி வைத்துக்கொண்டேன். மூங்கிலில் போர்வையைத் தூளிபோல் கட்டி என்னைப் படுக்க வைத்தார்கள். அதோடு விட்டேனா? தூக்க வந்த கோவிந்தனிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: “நடுவுல நான் என்ன சொன்னாலும் நம்பாதீங்க. இறக்கிடவே கூடாது.”

“சரிங்க மேடம்” என்றார்.

எனக்குத் தெரியாத வழக்கம் ஒன்று அங்கே இருந்தது. ஊர் எல்லை வரைதான் அந்த ஊர்க்காரர்கள் தூக்குவார்கள். அங்கிருந்து அடுத்த ஊர் ஆட்கள் தோள் கொடுப்பார்கள். எல்லை ஓடையருகே, டோலியைக் கண்டு ஓடிவந்தவர்களிடம் மூங்கில் கைமாறியது. மூச்சு வாங்கியபடி கோவிந்தன் சொன்னது இவ்வளவுதான்: “பாம்புக்கடி. அது இன்னா சொன்னாலும் நம்பாதீங்க, எறக்கிடாதீங்க.” (ஒத்திகை என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்தாராம், பாவம்.)

புது ஆட்கள் ஓட்டமாய் ஓடினார்கள். குலுங்கிய குலுங்கலில் குடல் வாய்க்கு வந்தது. “அண்ணா, எனக்கு ஒண்ணுமில்ல, இறக்குங்க!” என்று கத்தினேன்.

முன்னால் மூங்கிலைச் சுமந்த வெள்ளையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அப்டித்தான் சொல்லும். நம்பாதீங்கடா, ஓடுங்க!”

“ஐயோ, அது பேனாவுல வச்ச புள்ளிண்ணா!”

“விஷம் தலைக்கு ஏறிடுச்சுடா. இன்னான்னமோ உளறுது பாரு.”

தார் ரோட்டில் மேலாளரைக் கண்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரோ கட்டை விரலை உயர்த்தி, “நடிப்பு பிரமாதம்மா!” என்றார்.

“நடிப்பில்ல சார்!” என்று நான் அலறியதில் அவர் முகம் வெளுத்துப் போனது. “வண்டிய எடுங்க சார், உசுரு போவுது” என்று வெள்ளையன் அதட்டினார். தூக்கி வந்தவர்களும் ஏறிக்கொள்ள, ஒத்திகைக்கு அனுமதி கொடுத்த மனிதரே ஜீப்பை ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்கு விரட்டினார்.

அங்கே நர்ஸ் ஸ்பிரிட் பஞ்சால் காலைத் துடைத்தார். பாம்புக்கடி பஞ்சோடு வந்துவிட்டது.

வெள்ளையனின் தோள் மூங்கில் அழுத்திச் சிவந்திருந்தது. எனக்கு வெட்கத்தில் உயிரே போய்விடும் போலிருந்தது. “சாமை அறுப்ப வுட்டுட்டு ஓடியாந்தோம்மா” என்றார் வெள்ளையன். பிறகு அவரே, “போவட்டும், உசுரு கீதுல்ல. டீ வாங்கிக் குடு” என்றார். எல்லோருக்கும் டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தேன்.

‘ஊர் மக்கள் எந்த ஆபத்தையும் சமாளிப்பார்கள். நம் ஊழியரைச் சமாளிப்பதுதான் கஷ்டம்’ என்று மேலாளர் அறிக்கையில் எழுதினார். என் வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வருடம் பிடித்தது.

எங்கள் வீட்டில் இந்தக் கதை தெரியாத ஆள் கிடையாது. போன தீபாவளி சமயம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “ஒண்ணுமில்ல, வாயுதான்” என்றேன். “பேஷண்ட் அப்படித்தான் சொல்லும்” என்று கணவர் வண்டியை எடுத்தார். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். குடல்வால் வீக்கமாம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வெடித்திருக்கும் என்றார் டாக்டர்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும், “நான் நல்லாத்தான் இருக்கேன், வீட்டுக்குப் போலாம்” என்றேன்.

கட்டிலருகே நின்ற என் மகள் நர்ஸிடம் சொன்னாள்: “நம்பாதீங்க சிஸ்டர். எறக்கிடாதீங்க.”