பாதர் கேட்காத ரோல்ஸ்

காலை எட்டு நாற்பது. கண் விழித்ததும் முதலில் பார்த்தது பச்சை நிறத்தை. கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் திறந்தபடி கிடந்த மடிக்கணினியின் திரை முழுக்கப் பச்சைக் கட்டங்கள். ஒன்றுகூடச் சிவப்பில்லை. அவ்வளவு பச்சையை நான் வயலில்கூடப் பார்த்ததில்லை (சென்னைக்காரன் வயலை எங்கே பார்த்தான் என்று கேட்காதீர்கள்). என் மனைவி கவிதா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"பார்த்தியா, ஒரு தப்புகூட இல்ல" என்றேன்.

"நல்லது. பல் தேய்ச்சிட்டு வந்து சந்தோஷப்படு."

எல்லாம் சரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், எதைப் பார்த்துச் சொல்கிறாய் என்று கேட்க வேண்டும். ஒரு நாளிதழில் பல வருடம் உதவி ஆசிரியராக இருந்தவனுக்கு இதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. 'நிலைமை கட்டுக்குள் இருக்கிறது' என்று அறிக்கை வந்தால் உடனே ஒரு நிருபரை அனுப்பிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அன்று நான் யாரையும் அனுப்பவில்லை. பல் தேய்க்கப் போனேன்.

கவிதாவுக்கு லண்டனில் வேலை கிடைத்ததால் நானும் உடன் வந்தவன். இங்கே தமிழ்ப் பத்திரிகைக்காரனுக்கு வேலை இல்லை என்பதை ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டு, இணையத்தில் ஒரு வகுப்பு படித்து, வெப்சைட் செய்பவனாக மாறினேன். மாறியதை எந்த நிறுவனமும் நம்பவில்லை. நம்பியவர் ஒருவர்தான். தெற்கு லண்டனில் மிச்சம் என்ற பகுதியில், டிராம் நிறுத்தத்துக்குப் பின்புறம், சமையல்கூடம் நடத்தும் ரோஸ்மேரி அக்கா. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். இறைச்சி வைத்து உருட்டி, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரிக்கும் ரோல்ஸ் வாங்கப் போன இடத்தில் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். "அப்ப எங்கட வெப்சைற்றையும் ஒருக்காப் பாரும் தம்பி" என்றார். லண்டனில் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது.

வெப்சைட்டைப் பற்றி அவருக்கு ஒரு கவலை இருந்தது, நியாயமானதுதான். முந்தைய ஈஸ்டருக்கு முதல் நாள் காலை, ஆர்டர் எடுக்கும் வெப்சைட் சத்தமில்லாமல் நின்றுபோனது. யாருக்கும் தெரியவில்லை. சனம் எல்லாம் மோர்டனில் இருக்கும் போட்டிக் கடைக்குப் போய்விட்டது என்று அக்காவும் அவர் கணவர் அன்ரன் அண்ணையும் நம்பிக்கொண்டு, பிசைந்த மாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்களாம். "இந்த ஈஸ்ரருக்கும் அப்பிடி நடந்தா வெப்சைற்றை மூடிப்போட்டுப் பழையபடி ரெலிபோனுக்கே போறன்" என்று என்னிடம் சொல்லியிருந்தார். வெப்சைட்டை மூடினால் என் முதல் வேலையும் மூடப்படும். ஈஸ்டருக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன.

எனவே வியாழன் இரவு உட்கார்ந்து இரண்டு ஏற்பாடுகள் செய்தேன். ஒன்று, ஒரு காவலாளி நிரல். அது காலையில் கடை திறந்ததிலிருந்து அரை மணிக்கு ஒரு முறை வாடிக்கையாளரைப் போலக் கடைக்குள் போகும், ஒரு ஆர்டர் கொடுக்கும், 'நன்றி' என்று பதில் வருகிறதா என்று பார்க்கும். வந்தால் பச்சை. வராவிட்டால் சிவப்பு எரிந்து எனக்குப் போன் வரும். இன்னொன்று டிரேசிங். ஒவ்வொரு ஆர்டருக்கும் வாசலிலேயே ஒரு எண்ணை ஒட்டிவிட்டால், அது எங்கே புறப்பட்டு எந்தெந்தக் கை வழியாகப் போனது என்று பிறகு பின்னோக்கிப் பார்க்கலாம். பத்திரிகையில் பிழை வந்தால், அச்சகத்திலிருந்து தொடங்கி எழுதியவன் மேஜைவரை போய்க் காதைப் பிடிப்பார்களே, அதே வேலை.

காவலாளி, ஒத்திகைக்காக நான் இணையத்தில் வைத்திருந்த போலிக் கடைக்குத்தான் போக வேண்டும். நான் அனுப்பியது உண்மையான கடைக்கு. ஒரு வரி மாற்ற மறந்துவிட்டேன்.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. ஆர்டர் கொடுக்க ஒரு பெயர் வேண்டும், முகவரி வேண்டும், வங்கி அட்டை வேண்டும். காவலாளியிடம் அட்டை இல்லை. கோவில் பெயரில் வரும் ஆர்டருக்கு மட்டும் அட்டை தேவையில்லை என்று அக்கா ஒரு சலுகை வைத்திருந்தார். மேலும், பத்திரிகைக்காரன் பெயரைக் கற்பனை செய்யக் கூடாது, சரிபார்த்த பெயரையே போட வேண்டும். சமையல்கூடத்துச் சுவரில் பங்குக் கோவிலின் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. அதிலிருந்து பங்குத்தந்தை பாதர் யூஜினின் பெயரையும் கோவில் மண்டபத்தின் முகவரியையும் ஓர் எழுத்துப் பிழை இல்லாமல் எடுத்துப் போட்டேன். என்ன வேண்டும் என்ற இடத்தில் பட்டியலில் முதலில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். ஆட்டிறைச்சி ரோல்ஸ், ஒரு தட்டு.

அன்று வெள்ளிக்கிழமை. தவக்காலத்து வெள்ளிக்கிழமை, கத்தோலிக்கர்கள் இறைச்சி தொடாத நாள் (எனக்கு அது வெறும் வெள்ளிக்கிழமை).

மதியம் போன் வந்தது.

"தம்பி, உம்மட வெப்சைற்றைக் கொஞ்சம் ஆறுதலா ஓடச் சொல்லும். உருட்டி முடியேல்லை."

"எதை அக்கா?"

"ரோல்ஸைத்தான். பாதர் நிப்பாட்டாமல் கேக்கிறார்."

போய்ப் பார்த்தேன். மேஜை, அலமாரி, ஜன்னல் திண்டு, குளிர்பெட்டியின் தலை, எல்லா இடத்திலும் ரோல்ஸ் தட்டுகள். அன்ரன் அண்ணை கையிலும் மீசையிலும் ரொட்டித் தூளோடு நின்றார். முதல் தட்டுகளை அவரே முற்பகல் கோவில் மண்டபத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார்.

"முதல் ஓடருக்கு, கோவிலுக்கு ஆயர் ஆண்டகை வாறாராக்கும் எண்டு நினைச்சன்" என்றார் அக்கா. "ரண்டாவதுக்கு, ஆயரோட ஆக்களும் வருகினமாக்கும் எண்டு நினைச்சன். நாலாவதுக்குப் பிறகு நினைக்கிறதை விட்டிட்டன்."

"பாதருக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே?"

"என்னெண்டு கேக்கிறது? 'தவக்கால வெள்ளிக்கிழமையில உங்களுக்கு இவ்வளவு ஆட்டிறைச்சி ஏன் பாதர்' எண்டோ? வாற கிழமை அவரிட்டைத்தான் நான் என்ர பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவேணும்."

"உப்புப் பாக்கவும் ஏலாது" என்றார் அன்ரன் அண்ணை. "காலமை தொடக்கம் மணத்திலதான் சமைக்கிறம்."

அப்போது கதவைத் திறந்துகொண்டு பாதர் யூஜினே வந்தார். மன்னார்க்காரர், உயரமானவர், கையில் இரண்டு தட்டு. அவருக்குப் பின்னால் கார் டிக்கி திறந்திருந்தது, அதிலும் தட்டுகள்.

"ரோஸ்மேரி, பூ வைக்க வந்த அம்மாமார் மண்டபத்துக்குள்ள இறைச்சி மணக்குதெண்டு என்னை மேலையும் கீழையும் பாக்கினம். பெட்டியில என்ர பேர். நான் பசி கிடந்து பிரசங்கம் வைக்கிற ஆள். இனி ஆர் நம்புவினம்?"

"நீங்கள் ஓடர் பண்ணேல்லையோ பாதர்?"

"நான் காலமை குடிச்சது வெறும் தேத்தண்ணி."

இங்கேதான் நான் வாயை மூடியிருக்க வேண்டும். மாறாக, முன்னே போய் நின்றேன். "கவலைப்படாதீங்க பாதர். யாரோ உங்க பேர்ல விளையாடறாங்க. அஞ்சு நிமிஷத்துல ஆளைப் பிடிச்சுக் குடுக்கறேன்."

"மோர்டன் கடைக்காரராத்தான் இருக்கும்" என்றார் அன்ரன் அண்ணை.

நான் மறுக்கவில்லை. இன்னும் வெளியிட முடியாத தகவல் கைவசம் இருப்பவனைப் போலத் தலையை ஆட்டினேன். மாவைத் தள்ளிவிட்டு மடிக்கணினியை வைத்தேன். மூவரும் என் பின்னால் வந்து நின்றார்கள். டிரேசிங் என்றால் என்ன என்று ஒரு சிறு விரிவுரை ஆற்றினேன். "ஒருத்தன் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் இதுலேர்ந்து தப்ப முடியாது" என்று முடித்தது நன்றாக நினைவிருக்கிறது.

ஒரு ஆர்டரைத் திறந்து, கீழிருந்து மேலாக உரக்கப் படித்தேன். மூலையிலிருந்த பிரிண்டருக்கு ஆர்டர் சீட்டு வந்தது சமையல் வரிசையிலிருந்து. சமையல் வரிசைக்கு வந்தது ஆர்டர் பக்கத்திலிருந்து. ஆர்டர் பக்கத்துக்கு வந்தது...

நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். அன்ரன் அண்ணை குனிந்து, மிச்ச வரியை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"குமார் சோதனை ஒண்டு."

"ஆர் இந்தக் குமார்?" என்றார் பாதர்.

அக்கா என்னைப் பார்த்தார். அதே நேரம் பிரிண்டர் இன்னொரு சீட்டைத் துப்பியது. ஆட்டிறைச்சி ரோல்ஸ், ஒரு தட்டு, பாதர் யூஜின்.

"நான்தான் பாதர்" என்றேன்.

காவலாளியை நிறுத்தினேன். காலையிலிருந்து அது கொடுத்த ஒவ்வொரு ஆர்டருக்கும் கடை மரியாதையாக 'நன்றி' சொல்லியிருந்தது. அதனால்தான் எல்லாம் பச்சை. செலவைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சொன்னேன். வேலையை விட்டும் போய்விடுகிறேன் என்றேன். அக்கா கையில் இருந்த மாவைத் தட்டிவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க போகப் போறீர்? போன ஈஸ்ரருக்குக் கடை செத்துக் கிடந்தது, ஒருத்தருக்கும் தெரியேல்லை. இண்டைக்கு அரை மணிக்கொருக்கா 'நான் உயிரோட இருக்கிறன், இருக்கிறன்' எண்டு கத்தியிருக்கு. எனக்கு அது போதும். வாற கிழமை இறைச்சியில்லாமல் கத்தச் சொல்லும். இப்ப தட்டைத் தூக்கும்."

அவ்வளவுதான். எனக்கு இதுவரை கிடைத்த மேலதிகாரிகளில் அவரைவிடச் சுருக்கமாக மன்னித்தவர் இல்லை. பத்திரிகையில் ஒரு காற்புள்ளிக்கு இதைவிட நீளமாக வாங்கியிருக்கிறேன்.

தூக்கிக்கொண்டு எங்கே போவது என்பதுதான் அடுத்த கேள்வி. கத்தோலிக்கர்களுக்குத் தவக்காலம். சைவர்களுக்கு வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டிலும் வெள்ளியன்று கவிச்சி கிடையாது. தெற்கு லண்டனில் இத்தனை ஆயிரம் தமிழர்கள் இருந்தும், அன்றைக்கு ஆட்டிறைச்சி ரோல்ஸ் சாப்பிட ஒருவரைக்கூட எங்களால் யோசிக்க முடியவில்லை.

"பஸ் டிப்போவுக்குப் போவம்" என்றார் பாதர். "அங்க உலகத்து ஆக்கள் எல்லாரும் இருக்கினம்."

அவர் காரில் போனோம். டிரைவர்கள் ஓய்வெடுக்கும் அறையில் தட்டுகளைப் பரப்பினோம். முதலில் பாதர் நீட்டியது ஒரு போலந்துக்காரரிடம், அவரும் கத்தோலிக்கர் என்பது தெரியாமல். அவர் ரோல்ஸைப் பார்த்தார், பாதரின் கழுத்துப் பட்டையைப் பார்த்தார், மறுபடி ரோல்ஸைப் பார்த்தார். இன்று வெள்ளிக்கிழமை, சாமி, என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். பாதரின் காது சிவந்ததை அன்றுதான் பார்த்தேன். மற்றவர்கள் அவ்வளவு தயங்கவில்லை. ஜமைக்காக்காரர் ஒருவர் நின்ற நிலையிலேயே மூன்று சாப்பிட்டுவிட்டு எந்தக் கடை என்று கேட்டார். அந்த வருடம் ரம்ஜான் நோன்பும் தவக்காலமும் ஒன்றாக வந்திருந்தன. இறைச்சி ஹலால் கடையில் வாங்கியது என்று தெரிந்ததும், நோன்பிலிருந்த டிரைவர்கள் மாலைக்கென்று தாளில் சுற்றி எடுத்துக்கொண்டார்கள். தட்டுகள் காலியாயின. கடையின் பெயரை ஒரு சீட்டில் எழுதி அறிவிப்புப் பலகையில் குத்தினேன். அந்த டிப்போ பிறகு அக்காவின் நல்ல வாடிக்கையானது.

மாலை கோவிலில் நடந்த சிலுவைப்பாதை வழிபாட்டுக்கு நானும் போய்ப் பின்வரிசையில் நின்றேன். முடிந்ததும் பாதர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "இறைச்சி ரோல்ஸ் ஓடர் பண்ணினது நான் இல்லை. ஒரு கொம்பியூட்டர். அதுக்கு இன்னும் ஞானஸ்நானம் குடுக்கேல்லை, அதால தவக்காலம் தெரியாது. கொம்பியூட்டரின்ர ஆள் பின்னால நிக்கிறார். நல்ல பிள்ளை, கோவிக்காதையுங்கோ." கோவில் முழுக்கத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. பூ வைக்கும் அம்மாமார்தான் அதிகம் சிரித்தார்கள். என் பெயரை அவர் சொல்லவில்லை. அதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன் (பெயர் மறுநாளைக்குள் பல மைல் தள்ளி இருக்கும் ஹவுன்ஸ்லோ வரை போய்விட்டது வேறு விஷயம்).

காவலாளியை ஒத்திகைக் கடைக்கு மாற்றினேன். சிவப்பு வந்தால் மட்டுமல்ல, ஒரே பெயரில் வெற்றிமேல் வெற்றி வந்தாலும் எனக்குப் போன் வரும்படி செய்தேன். ஈஸ்டருக்கு முதல் நாள் காலை வெப்சைட் ஒரு முறை தடுமாறியது. சிவப்பு எரிந்தது, போன் அடித்தது, தேநீர் ஆறுவதற்குள் சரி செய்துவிட்டேன். அக்கா வெப்சைட்டை மூடவில்லை. அவர் சொல்லி இன்னும் நான்கு கடைகள் என்னிடம் வந்தன.

போன வருடம் அக்காவின் மகளுக்கு மோர்டனில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரிடம் அன்ரன் அண்ணை என்னைத் தோளில் கைபோட்டு அறிமுகம் செய்தார்: "இவர்தான் எங்கட பாதருக்குத் தவக்காலத்தில இறைச்சி தீத்தினவர்." (தீத்துவது என்றால் ஊட்டுவது.) கவிதா என்னைவிடச் சத்தமாகச் சிரித்தாள்.

சென்ற மாதம் எங்கள் மகளின் பிறந்தநாளுக்குக் கவிதா அக்காவின் வெப்சைட்டில் ஆர்டர் கொடுத்தாள். உடனே போன் வந்தது.

"பிள்ளை, இது நீரோ, இல்லாட்டி உம்மட மனுசன்ர மெசினோ?"

"நான்தான் அக்கா."

"அப்ப சரி, அடுப்பை மூட்டுறன்."

எங்கள் வீட்டு ஆர்டரை மட்டும் அங்கே போனில் கேட்டு உறுதி செய்த பிறகுதான் சமைக்கிறார்கள்.