கேஜ்காரரின் வேதபாடம்

கணினிக்கே சிக்னல் கொடுத்து வேலை வாங்கிய மனிதர் உலகத்தில் எங்கள் கேஜ்காரர் ஒருவர்தான். மாரிகுப்பம் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டான கேஜை மணியடித்து அனுப்பியவர். சுரங்கம் மூடியபின் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் ஆசிரியரானார்.

அங்கே ஆசிரியர்களுக்குக் கணினியில் பாடம் தயாரிக்கப் பயிற்சி வைத்தோம். பிள்ளைகள் ஒரு விடையை அழுத்தினால் திரையும் ஏதாவது செய்ய வேண்டும், அதுதான் நிபந்தனை. சொல்லிக்கொடுக்க பெங்களூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். எந்தப் பாடம் வகுப்புக்குப் போகும் என்று முடிவு செய்வது, பள்ளியின் கண்காணிப்பாளரும் ஓய்வுபெற்ற பேராசிரியருமான நான்.

கேஜ்காரர் மௌஸை அழுத்துமுன் ஒவ்வொரு தடவையும் மேசையை மூன்று தட்டு தட்டினார்.

"அங்கிள், தட்ட வேணாம். க்ளிக் பண்ணா போதும்."

"சிக்னல் குடுக்காம எப்படிம்மா எறக்கறது? உள்ள ஆளு கீறாங்களே!"

அவர் செய்த பாடத்தில் சரியான விடைக்குக் கேஜ் மேலே ஏறும். தப்பான விடைக்கு ஒரு லெவல் இறங்கும். குழியில் யோசேப்பு, அடுத்த லெவலில் சிங்கங்களோடு தானியேல், அதற்கும் கீழே மீன் வயிற்றில் யோனா. மூவர் தலையிலும் சுரங்கத் தொப்பி. அடி லெவலில் கையில் விளக்கோடு கேஜ்காரரின் போட்டோ. கூடவே அவர் குரல்: "இன்னா கண்ணு, தப்பாயிடுச்சா? பரவால்ல. ஏறு, மேல போலாம்."

அடி லெவலைப் பார்ப்பதற்காகவே பிள்ளைகள் தப்பாகச் சொன்னார்கள். பேழையைக் கட்டியவர் யார் என்று கேட்டால் வகுப்பே, "கோலியாத்து!" என்று கத்தியது.

"இது வேதபாடமா, நைட் ஷிஃப்டா?" என்று எல்லார் முன்னாலும் அவரைக் கேட்டேன். கேஜை எடுக்கச் சொல்லி, தப்புக்குச் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி போடவைத்தேன்.

"சரிங்க சார். ஆனா தப்பா சொல்ற புள்ளைய யாரு சார் மேல இட்டாருவாங்க?" என்றார்.

அடுத்த ஞாயிறு போதகரின் மகள் மட்டும் பதில் சொன்னாள். வாயாடிப் பிள்ளைகள்கூட மௌஸ் பக்கம் வரவில்லை. அந்த அமைதி எனக்குப் பழக்கமானது. கல்லூரியில் என் வகுப்புகள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. ஒழுக்கம் என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். அது பயம்.

அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"இதுக்குப் போயி இன்னா சார்! கேஜைத் திரும்ப மாட்டினா ஆச்சு. உக்காருங்க, டீ குடிங்க."

மாட்டினார். கூச்சலும் திரும்பியது.

இப்போது அவர் பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கிறார். போன ஞாயிறு பிள்ளைகள் போனபின் கணினி முன் உட்கார்ந்தேன். மேசையை மூன்று தட்டு தட்டிவிட்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் தப்பாகவே அழுத்திக்கொண்டு போனேன்.

கீழே அவர் விளக்கோடு நின்றிருந்தார்.