நொட்டை அண்ணாச்சியின் ஃபுல் ஃபிரேம் கேமரா

புதிதாக ஒரு பொருள் வாங்கினால் அதை நாலு பேரிடம் புகழ்ந்து சொல்வதுதான் உலக வழக்கம். தான் ஆசை ஆசையாய் வாங்கிய கேமராவை வீடு வீடாகப் போய்க் குறை சொன்ன ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, இராஜபாளையத்து நொட்டை அண்ணாச்சிதான். அந்தக் கேமராவாலேயே ஒரு கல்யாணத்தின் மானத்தைக் காப்பாற்றியவரும் அவர்தான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டோடு சரி. எதிலும் நொட்டை சொல்வதால் ஊர் வைத்த பெயர்தான் நிலைத்தது.

ஆஸ்பத்திரிகளுக்கு பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனியில் எனக்கு டெஸ்பாட்ச் வேலை. அவருக்குத் துணி சோதிக்கும் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, விட்டுப்போன இழை, முடிச்சு, கறை என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டும். சங்கு ஊதிய பிறகும் அந்தக் கண்ணை அவரால் கழற்றி வைக்க முடியவில்லை. கேன்டீன் வடையைக்கூட ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கடிப்பார். தங்கை மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளையின் குறைகளைப் பெண் வீட்டாரிடம் வரிசையாகச் சொல்லிவிட்டு நிதானமாகக் காபி குடித்தார். இம்புட்டு உண்மை பேசுற குடும்பம் வேறெங்கே கிடைக்கும் என்று அவர்கள் அன்றைக்கே வெற்றிலை மாற்றியது தனிக்கதை.

கேமரா வாங்குவதற்கு முன் ஒரு வருஷம் ஆராய்ச்சி நடந்தது. வெளிச்சம் பிடிக்கும் சென்சார் பெரிதாக உள்ள ஃபுல் ஃபிரேம் வகையில் இருப்பதிலேயே விலை குறைந்தது எது என்று பார்த்து, ஒரு நோட்டில் அதன் நிறை குறைகளை எழுதினார். நிறைப் பக்கத்தில் மூன்று வரி. குறைப் பக்கம் நிரம்பி, அட்டையின் உள்பக்கத்துக்கு ஏறியிருந்தது. அந்த நோட்டோடு மதுரைக்குப் போனார். துணைக்கு நானும் போனேன்.

கடைக்காரர் ஒரு பெருமையைச் சொன்னால் இவர் ஒரு குறையைச் சொன்னார். "பேட்டரி சின்னது. கை ஆடினா தாங்குற ஏற்பாடு உள்ள கிடையாது. மெமரி கார்டு ஒண்ணே ஒண்ணுதான் போடலாம். படபடன்னு அடுத்தடுத்து எடுக்க முடியாது. உடம்பு பூரா பிளாஸ்டிக். லென்சு வாங்கணும்னா இன்னொரு கேமரா விலை. சரியா?"

கடைக்காரர் களைத்துப்போனார். "சார், அப்போ வேற மாடல் பாக்கீங்களா?"

"எதுக்கு? இதைத்தான் எடுக்கேன். குறை தெரிஞ்சு கட்டிக்கிட்டா பொறவு சண்டை வராதுல்லா."

பஸ்ஸில் வரும்போது, இத்தனை குறையோடு இதை ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டேன். மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு சொன்னார்: "ஏலே, மழை பெய்யுதுன்னு வையி. டம்ளரை வச்சா எம்புட்டு பிடிக்கும், அண்டாவை வச்சா எம்புட்டு பிடிக்கும்? வெளிச்சமும் மழை மாதிரிதான். உன் போன்ல இருக்கது டம்ளர். இது அண்டா. தூறல் போட்டாலும் பிடிச்சிரும்."

கை ஆடக்கூடாது என்று அதற்கும் பயிற்சி எடுத்தார். டீக்கடையில் விளிம்பு வரை நிரம்பிய கிளாசை நீட்டிய கையில் பிடித்தபடி நிற்பார். டீ ஆறி ஆடை கட்டிவிடும். கடைக்காரர் பக்கத்தில் வந்து, "அண்ணாச்சி, ஏதும் குறையா?" என்று பயந்து கேட்பார்.

முதல் வேட்டை ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில். சாம்பல் நிற மலை அணிலைப் பிடித்துவிடுவது என்று போனோம். அதிர்ஷ்டம், ஒன்று தாழ்ந்த கிளையிலேயே உட்கார்ந்து புளியங்காய் கடித்துக்கொண்டிருந்தது. அந்நேரம் பார்த்து வனக்காவலர் ஒருவர், "நல்ல கேமராவா சார்?" என்று கேட்டுவிட்டார். அண்ணாச்சியால் ஆமாம் என்று பொய் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. பேட்டரியில் தொடங்கினார். பிளாஸ்டிக் உடம்புக்கு வரும்போது அணில் எழுந்துவிட்டது. அடித்துப்பிடித்து மூன்று படம் எடுத்தார். முதலில் கிளை. அடுத்ததும் கிளை. மூன்றாவதில் வால்.

அந்த வாலைப் பெரிதாக அச்சடித்து வீட்டுக் கூடத்தில் மாட்டினார். "வால் மட்டும்தான இருக்கு அண்ணாச்சி?" என்றேன்.

"கிட்ட போய்ப் பாரு. ஒவ்வொரு முடியும் தனித்தனியா நிக்குதா, இல்லையா?"

நின்றது. அதை மறுக்க முடியாது.

எங்கள் பேக்கிங் பிரிவில் பேச்சியம்மாள் என்று ஒருத்தி. அப்பா அம்மா போன பிறகு தம்பியைப் படிக்கவைத்து ராணுவத்துக்கு அனுப்பியவள். அதற்குள் அவளுக்கு முப்பத்தெட்டு ஆகிவிட்டது. மனைவியை இழந்த டவுன்பஸ் டிரைவர் ஒருவர் அவளைக் கேட்டு வந்தார். அவளுக்கும் பிடித்திருந்தது. கான்சாபுரத்தில் மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி கோயில் மண்டபத்தில் ஐப்பசி முகூர்த்தம். தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. "தாலி கட்டுற போட்டோ ஒண்ணு மட்டும் அனுப்புக்கா, போதும்" என்று எல்லையிலிருந்து சொல்லியிருந்தான்.

முந்தின நாளே நாங்கள் போய்விட்டோம். ராத்திரியே மழை பிடித்து கரண்டும் போய்விட்டது. விடிந்தும் விடியாத மாதிரி வானம். தரைப்பாலத்தில் வெள்ளம் ஏறியதால், பேசியிருந்த போட்டோகிராபர் அக்கரையிலேயே நின்றுவிட்டார். ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டுப் படுத்துவிட்டது. ஆளாளுக்குப் போனை எடுத்து அடித்துப் பார்த்தார்கள். போன் விளக்கை அடித்தால் முகங்கள் வெளிறிப்போயின; அடிக்காவிட்டால் படத்தில் மணமக்கள் இரண்டு கரிமூட்டைகளாக விழுந்தார்கள். மொத்த மண்டபத்துக்கும் வெளிச்சம் என்று இருந்தது ஒரு குத்துவிளக்கு.

எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அவர் எழுந்து தொண்டையைச் செருமினார். "எடுத்துருதேன். முதல்ல ஒண்ணைச் சொல்லிருதேன். இதுல பிளாஷ் கிடையாது. பேட்டரி சின்னது, ராத்திரி சார்ஜும் ஏறல, சிவப்பு காட்டுது. அடுத்தடுத்து..."

மணவறையிலிருந்து பேச்சியம்மாள் நிமிர்ந்தாள். "அண்ணாச்சி, குறையெல்லாம் பொறவு கேக்கேன். எந்தம்பி காத்துக்கிட்டு இருப்பான். எடுங்க."

அதற்கு முன் அவரை யாரும் பாதியில் நிறுத்தி நான் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டார். ஈரத் தூணில் முதுகைச் சாய்த்தார். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டார். ஐயர் மந்திரம் சொல்ல, மாப்பிள்ளை தாலியை எடுக்க, மேளம் உச்சத்துக்குப் போனது. அண்ணாச்சி அசையவில்லை. முதல் முடிச்சு விழுந்தது. அப்போதும் அழுத்தவில்லை. மூன்றாவது முடிச்சு விழுந்து, பேச்சியம்மாள் மெல்ல முகத்தைத் தூக்கினாள். ஒரே ஒரு 'டக்'. அதோடு கேமரா கண்ணை மூடிவிட்டது.

படம் விழுந்ததா, இல்லையா என்று யாருக்கும் தெரியாது. கரண்டு வந்தால்தான் தெரியும். பந்தி நடந்தது. அண்ணாச்சி இலையில் உட்காரவில்லை. கேமராவைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு தூணடியிலேயே இருந்தார். சாம்பாரில் என்ன குறை என்றுகூட அவர் கேட்கவில்லை.

காலை பத்து மணி வாக்கில் விளக்குகள் எரிந்தன. சார்ஜரில் போட்டு, செத்த நேரம் பொறுத்து, கேமராவைத் திறந்தார். மண்டபமே அவர் முதுகில் ஏறி நின்றது.

குத்துவிளக்கின் மஞ்சள் பேச்சியம்மாளின் ஒரு கன்னத்தில் படிந்திருந்தது. கண்ணில் நீர் கட்டி, விழாமல் நின்றது. உதடு சிரிக்கத் தொடங்கியிருந்தது. மாப்பிள்ளையின் விரல்கள் இன்னும் முடிச்சிலேயே இருந்தன. பட்டுச் சேலையின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது.

பேச்சியம்மாள் வெகுநேரம் பார்த்தாள். "நான் இப்படியா இருக்கேன்?" என்றாள்.

"இப்படித்தாம்மா இருக்கே" என்றார் மாப்பிள்ளை.

மேளக்காரர்கள் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி கெட்டிமேளம் கொட்டினார்கள். மாப்பிள்ளையின் டிரைவர் நண்பர்கள் அண்ணாச்சியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றினார்கள். படம் எல்லைக்குப் போனது. அரைமணியில் தம்பியிடமிருந்து போன் வந்தது. அக்கா, அக்கா என்றே சொல்லிக்கொண்டிருந்தான். இவள் சாப்பிட்டியாடா என்றே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சி மட்டும் கீழே இறங்கியதும் படத்தைப் பெரிதாக்கி, பேண்டேஜ் துணியைப் பார்ப்பதுபோல் மூலை மூலையாகப் பார்த்தார். கடைசியில் என்னைக் கூப்பிட்டார்.

"ஒரே ஒரு குறைதாம்லே. வலது ஓரத்துல ஒருத்தன் கொட்டாவி விடுதான்."

நான்தான்.

கரண்டுக்காகக் காத்திருந்த நேரத்தில் அவரை என் போனில் ஒரு படம் எடுத்திருந்தேன். இருட்டில் ஒரு தூண், ஒரு வெள்ளைத் துண்டு, ஒரு நிழல், அவ்வளவுதான் தெரியும். இடம் போதவில்லை, எதையாவது அழி என்று போன் மாதம் ஒருமுறை கெஞ்சுகிறது. எதை எதையோ அழித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், அதை மட்டும் தொடுவதில்லை.