பேசிக்கிட்டே போங்க, கரடி இருக்கு!

கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பதில் என்னை அடிக்க மாத்தளை மாவட்டத்திலேயே ஆள் கிடையாது. பசித்தால் சுவரைப் பார்த்து, “பசிக்குதுப்பா” என்பேன். (அந்தச் சுவர் இதுவரை எனக்குச் சோறு போட்டதில்லை.)

கல்யாணமாகி எட்டாவது மாதம் அது. பலாபத்வலயில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில், பந்தியில் எல்லார் முன்னாலும் பெரிய நகைச்சுவை மன்னனாட்டம், “செல்வி வச்ச மீன் கொழம்ப பூனை மோந்து பாத்துட்டு ஓடிருச்சு” என்று சொல்லிவிட்டேன். பந்தியே சிரித்தது. என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, “எல்லார் முன்னாடியும் மானத்த வாங்கிட்டீங்க” என்றாள். மன்னிப்புக் கேட்பதா, நானா! முறுக்கிக்கொண்டேன். நாலு நாள் பேச்சு வார்த்தை இல்லை.

ஐந்தாம் நாள், பல்லேகமவுக்கு அந்தப் பக்கம் தோட்டம் போட்டிருக்கும் மச்சான், அதாவது செல்வியின் அண்ணன், மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். கடைசி இரண்டு மைல் காட்டுப் பாதை. நடந்துதான் போக வேண்டும். போனில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

“மாப்பிள்ளை, பாலைப்பழம் பழுக்கிற காலம். கரடி இறங்கும். சத்தமா பேசிக்கிட்டே வாங்க, கேட்டா அதுவே ஒதுங்கிடும். சத்தமில்லாம போய் முட்டிக்கிட்டாதான் ஆபத்து. மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துட்டா ஓடிறாதீங்க.”

ஸ்பீக்கரில் இரண்டு பேரும் கேட்டோம். இரண்டு பேரும் தலையாட்டினோம். காட்டுக்குள் நுழைந்ததும் இரண்டு பேரும் வாயை இறுக மூடிக்கொண்டோம்.

முதலில் அவள் பேசட்டும் என்று நான். என்ன நினைத்தாளோ, அவளும் குடையை ஊன்றிக்கொண்டு பேசாமல் வந்தாள். வழியெல்லாம் பாலைப்பழம் மிதிபட்டுக் கிடந்தது. ஒரு வளைவில், கறையான் தின்னக் கரடி பிளந்த புற்று ஒன்று கிடந்தது. மண் இன்னும் ஈரம் காயவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாமே, பாவி!

திறக்கவில்லை. அடுத்த புதர் அசைந்தது. இருபதடி தூரத்தில் கறுப்பாக ஒன்று பின்னங்காலில் எழுந்து நின்றது. நெஞ்சில் வெள்ளைக் கோடு. மூச்சை உறிஞ்சும் சத்தம் எனக்குக் கேட்டது.

நான் ஓடினேன்.

“ஓடாதீங்க! நில்லுங்க!”

திரும்பிப் பார்த்தால், கரடிக்கும் எனக்கும் நடுவில் செல்வி, குடையோடு தனியாக நிற்கிறாள். நான் நாலு எட்டு ஓடியிருந்தேன். அந்த நாலு எட்டைத் திரும்பி நடந்து அவள் பக்கத்தில் போய் நின்றதுபோல் ஒரு கஷ்டமான காரியத்தை நான் வாழ்க்கையில் செய்ததில்லை.

“மெதுவா பின்பக்கமா நடங்க. பேசுங்க.”

“என்னத்தப் பேச?”

“எதையாச்சும்!”

“மீன் கொழம்பு… நல்லாத்தான் இருந்துச்சு செல்வி.”

“அப்ப ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“நாலு பேர் சிரிப்பாங்கன்னு…”

“நான் அழுதா பரவாயில்லையா?” அவள் குரல் உயர்ந்தது. கரடி காதைத் திருப்பியது.

“தப்புதான்! தப்புதான் செல்வி!” என்று கத்தினேன்.

கரடி முன்னங்காலை இறக்கி, ஒரு உறுமல் உறுமிவிட்டுப் புதருக்குள் போனது. நாங்கள் விடவில்லை. மிச்ச வழி முழுக்க எட்டு மாதச் சண்டையையும் உரக்கப் போட்டுக்கொண்டே நடந்தோம். சத்தம் கேட்டு மச்சான் கோடாரியோடு ஓடி வந்தார்.

“என்னங்க இது, வீட்டுச் சண்டைய காட்டுலயா போடுறது?”

சாப்பாட்டில் செல்வி எல்லாவற்றையும் சொன்னாள். குடை, கரடி, மீன் குழம்பு, ஒன்றையும் விடவில்லை. அடுத்து நான் ஓடிய இடம் வரப்போகிறதே என்று இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். “ரெண்டு பேரும் அசையாம நின்னோம்ண்ணே” என்று சொல்லிவிட்டு, எனக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

இன்றைக்கும் நான் முகத்தைத் தூக்கிக்கொண்டால் என் மகள், “அப்பா, கரடி வருது, பேசுங்க!” என்று கத்துவாள். வீடே சிரிக்கும். செல்வி மட்டும் தூரத்திலிருந்து நாலு விரலைக் காட்டுவாள். அது எந்த நாலு எட்டு என்று மகளுக்குத் தெரியாது.

நான் உடனே பேசிவிடுவேன்.