சோணைமுத்துவுக்குத் துணையாகப் போன கதை

இந்த உடம்புக்குள் கேமரா நுழையாது.

இந்தச் சபதத்தை அருப்புக்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டர் வாசலில், இடது விலாவைப் பிடித்துக்கொண்டு, குனிந்தவாக்கில் எடுத்தேன். நிமிர்ந்து எடுக்க வலி விடவில்லை.

டாக்டர் சொன்னது சுருக்கம்தான். கிட்னியிலிருந்து மூத்திரப்பைக்கு வரும் குழாயில் கல் சிக்கியிருக்கிறது. மதுரைக்குப் போங்கள். மூத்திரம் போகிற வழியாகவே மெல்லிசான டெலஸ்கோப்பை விட்டு, லேசரால் கல்லை உடைத்து எடுத்துவிடுவார்கள். ‘மூத்திரம் போகிற வழியாகவே’ என்றதோடு என் காது அடைத்துக்கொண்டது. அதற்கப்புறம் அவர் பேசியதெல்லாம் வாயசைவு. ரிப்போர்ட்டைக் கவரோடு கொண்டுவந்து, பிரிக்காமலே பீரோவுக்கு அடியில் தள்ளினேன்.

நான் மில்லில் ராத்திரி வாட்ச்மேன். இருபத்திரண்டு வருஷமாக ஊர் தூங்கும்போது முழித்திருக்கிறவன். பத்தாவதோடு நின்ற படிப்பை, மில் கேட்டுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து செல்போனில் தொடர்ந்துகொண்டிருக்கிறேன். தனியாகப் படிக்கிறவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு. படிக்கிற வியாதியெல்லாம் தனக்கே வந்த மாதிரி இருக்கும். டெலஸ்கோப்பைப் பற்றி மூன்று வாரம் படித்தேன். ரத்தம் வரலாம். கிருமி ஏறிக் காய்ச்சல் வரலாம். எப்போதாவது குழாயில் கீறல் விழலாம், ஓட்டைகூட விழலாம். போதாததற்கு ஸ்டென்ட் என்று ஒரு பிளாஸ்டிக் குழாயை உள்ளே வைத்து அனுப்புவார்கள். அதை எடுக்க மறந்தால் அதன்மேலேயே புதுக்கல் படியும். நல்லதும் எழுதியிருந்தது. அந்த இடத்தில் மட்டும் விரல் தானாக வேகமாகத் தள்ளியது.

என் மனைவி தங்கலட்சுமியிடம் நான் சொன்னது வேறு.

“சின்னக் கல்லாம். தண்ணி குடிச்சா விழுந்துருமாம்.”

“டாக்டரா சொன்னாரு?”

“பின்ன, ஸ்கேன் சென்டர் வாட்ச்மேனா சொல்லுவான்?”

அன்றிலிருந்து தினமும் ஒரு குடம் தண்ணீர், ஒரு சொம்பு வாழைத்தண்டுச் சாறு. காலையில் வேலை முடிந்து வந்து பாத்ரூமுக்குள் போனால் கதவுக்கு வெளியே குரல் கேட்கும்.

“விழுந்துச்சா?”

“விழுந்தா மேளமா அடிக்கும்?”

“டீ வடிகட்டி வச்சிருக்கேன்ல, அதுல பிடிச்சுப் பாருங்க.”

அத்தோடு என் வீட்டில் நான் டீ குடிப்பதை நிறுத்தினேன்.

மூன்றாவது வாரம் வலி நின்றது. வலி நின்றால் வியாதி நின்றது என்பது என் சொந்த வைத்தியம். ஆனால் தங்கலட்சுமிக்குக் கண்ணால் பார்க்க வேண்டும். மறுநாள் காலை வேலை முடிந்து எங்கள் ஊர் பரளச்சியில் பஸ்ஸைவிட்டு இறங்கி, கரிசல் காட்டு ஓரமாக நடந்து வரும்போது ஒரு சுக்காங்கல்லைப் பொறுக்கினேன். உழவுக்கு உழவு மண்ணிலிருந்து மேலே வருமே, சுண்ணாம்பு வெள்ளையில், அது. மிளகு அளவு. முள்முள்ளாக, பார்த்தாலே வலிக்கிற மாதிரி இருந்தது. கழுவி வடிகட்டியில் போட்டேன்.

“விழுந்துருச்சு.”

அவள் அதை உள்ளங்கையில் வாங்கி வெயிலில் பார்த்தாள். விரலால் உருட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இம்புட்டுப் பெருசா. எப்பிடித்தான் தாங்கினீகளோ.”

“தாங்கினேன்.”

பழைய தைல டப்பாவில் பஞ்சு விரித்து அதைப் பத்திரப்படுத்தினாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்கினேன்.

ரெண்டு நாள் கழித்து சோணைமுத்து வந்தான். அடுத்த தெரு. எங்கள் மில்லிலேயே பகலில் லோடு ஏற்றுகிறவன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கையில் ஒரு காகிதத்தோடு வந்தான்.

“அண்ணே, எனக்கும் கல்லாம்ணே.”

“ஏலே, ஒனக்குமா?”

“மதுரைக்குப் போகச் சொல்றாக. நான் போகமாட்டேன். மதினி டப்பாவைக் காட்டுனாக. அண்ணனுக்குத் தண்ணியிலேயே விழுந்துருச்சில்ல. எனக்கும் அதே தண்ணிதான்.”

காகிதத்தை என் முகத்துக்கு நேராகப் பிடித்தான். மேல்பக்கம் மடித்திருந்தது. மடிப்பின்மேல் கட்டைவிரலை அழுத்தியிருந்தான். படித்தேன். இடது குழாயில் ஒன்பது மில்லிமீட்டர் கல். கிட்னி வீக்கம். என் டப்பாக் கல்லை நம்பி ஒருத்தன் கிட்னியைத் தொலைக்கப் போகிறான்.

“இது தண்ணிக்கு விழுகாதுலே. கிட்னி வீங்கியிருக்கு.”

“வலி நின்னுபோச்சேண்ணே.”

“அதாம்லே பயம். வலி நின்னாலும் அடைப்பு இருந்தா கிட்னி சத்தமில்லாமக் கெட்டுப்போகும்.”

“உள்ள கேமரா விடுவாகளாமே.”

“பென்சிலைவிட மெல்லிசு. கத்தியே கிடையாது. மரத்துப்போக ஊசி போட்டுருவாக, ஒனக்கு ஒண்ணும் தெரியாது.”

“ரத்தம் வருமாம்.”

“ரெண்டு மூணு நாளு. தானா நிக்கும். குளிர்காய்ச்சல் வந்தா மட்டும் ஒடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.”

“ஓட்டை விழுந்துட்டா?”

“அது எங்கயோ ஒருத்தருக்கு. அதுக்கும் வைத்தியம் இருக்கு. அந்தப் பயத்துக்கு கிட்னியைக் குடுப்பியாலே?”

அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் எப்போதோ நின்றிருந்தது. தங்கலட்சுமி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“பாவம், பயப்புடுறாரு. நீங்கதான் வெவரம் தெரிஞ்சவுக. தொணைக்குப் போயிட்டு வாங்க. நானும் வாரேன்.”

செய்த பாவத்துக்குப் பரிகாரமாகப் போயிற்று. ஒத்துக்கொண்டேன்.

கிளம்புகிற அன்று காலையில் இட்லியை எதிர்பார்த்து உட்கார்ந்தேன்.

“தம்பி வெறும் வயித்தோட வரணுமாம். அவரு பட்டினி கெடக்கயில நாம திங்கலாமா?”

நானும் பட்டினி. அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை வரைக்கும் பஸ்ஸில் சோணைமுத்துவுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே போனேன். அவன் பாதி வழியில் தூங்கிவிட்டான். என்ன நெஞ்சழுத்தம் என்று ஆச்சரியப்பட்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்ததும், “டீ குடிச்சுட்டு வாரேண்ணே” என்று எழுந்து போனான். வெறும் வயிற்றுக்காரனுக்கு என்ன டீ என்று நான் யோசிப்பதற்குள் நர்ஸ் கூப்பிட்டாள்.

“மாரிக்கண்ணன் யாரு?”

அது என் பெயர். இன்னொரு மாரிக்கண்ணன் இருக்கிறானா என்று திரும்பிப் பார்த்தேன். தங்கலட்சுமி எழுந்தாள்.

“இவுகதான்.”

“எனக்குத்தான் விழுந்துருச்சே.”

“பதினாலு வருஷம் கரிசக்காட்டுல பருத்தி எடுத்தவ நான். எனக்குச் சுக்காங்கல்லு தெரியாதா?” கோபமாகச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. “கிட்னியக் கெடுத்துக்கிட்டு நீங்க படுத்துட்டா, நான் யாருகூடச் சண்டை போடுறது?”

சோணைமுத்து வந்த சாக்கில் என் பெயரையும் சேர்த்துப் பதிந்துவிட்டாள் என்று புரிந்தது. தப்பிக்க ஒரு காரணம் தேடினேன். எல்லாக் காரணத்தையும் சோணைமுத்துவிடம் நானே அடித்து நொறுக்கியிருந்தேன். கையெழுத்தையும் நானே போட்டேன்.

அன்றைக்கு டெஸ்ட். மறுநாள் காலை முதுகில் ஊசி. ஒரு மணி நேரத்தில் கல் துண்டுதுண்டாக ஒரு சின்ன பாட்டிலில் இருந்தது. நான் படித்ததில் பாதி நடந்தது: ரெண்டு நாள் மூத்திரம் சிவப்பாகப் போனது, எரிந்தது. ஸ்டென்ட் உள்ளே இருந்த பதினைந்து நாளும் அரைமணிக்கொரு தரம் பாத்ரூமுக்கு ஓட்டம். மில்லுக்குக் காவலா, கக்கூஸுக்குக் காவலா என்று சூப்பர்வைசர் கேட்டார். ஸ்டென்டை எடுக்கிற தேதியை நான் மறக்க நினைத்தாலும் வழியில்லை. வீட்டில் இருந்த மூன்று காலண்டரிலும் தங்கலட்சுமி வட்டம் போட்டிருந்தாள்.

அதையும் எடுத்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மழைக்குக் காத்துக் கிடக்கும் வெறும் கரிசல்காடுகூட அன்றைக்கு நன்றாக இருந்தது. ரொம்ப நாளாக நெஞ்சில் கிடந்த பொய்யும் சேர்ந்து போயிருந்தது. சந்தோஷத்தில் அடுத்தவன் ஞாபகம் வந்தது.

“சோணைமுத்துதான் பாவம். அன்னைக்கு டீக்குப் போனவன் கண்ணுலயே படல. கிட்னியே வீங்கியிருக்கு. மறுபடி பயந்துட்டானா? எப்ப ஆபரேஷனாம்?”

தங்கலட்சுமி பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தாள். மேல் மடிப்பைப் பிரித்து என் மடியில் வைத்தாள்.

பெயர்: மாரிக்கண்ணன். வயது: ஐம்பத்தொன்று.

“பீரோவுக்கு அடியில கூட்டுறப்ப கெடச்சுச்சு” என்றாள். “எனக்கு ஒண்ணும் வெளங்கல. அன்னைக்கு நீங்க படிச்சுச் சொன்ன பெறகுதான் வெளங்குச்சு.”